மரமும் பச்சிலையும் மணக்கும் சென்ட்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சென்ட்டும் அத்தரும் விற்கும் கடை எங்களுடையது. பெட்டியில் 'வுடி அரோமாட்டிக்' என்று அச்சிட்ட பாட்டிலைக் கையில் எடுப்பவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்களாக இருந்தாலும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கூட்ட நேரத்தில் நின்று விளக்க முடியாதவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, 'வுடி அரோமாட்டிக்' என்றால் என்ன மணம்?

மர மணமும் பச்சிலை மணமும் சேர்ந்தது. மரத்தின் பக்கம் சந்தனம், தேவதாரு, அகில். வெட்டிவேர் ஒரு புல்லின் வேர், பச்சோலி ஓர் இலை. ஆனாலும் மணம் கலப்பவர்கள் இரண்டையும் மரக் கூட்டத்தில்தான் வைப்பார்கள். இரண்டும் மெல்ல அவிழ்ந்து நெடுநேரம் தங்கும். பச்சிலையின் பக்கம் லாவண்டர், ரோஸ்மேரி, சேஜ், துளசி, மரிக்கொழுந்து. பூசியவுடன் மூக்கில் ஏறுவது பச்சிலைதான். அது தணிந்த பிறகு மரம் மேலே வரும், மாலை வரை அதுதான் உங்களுடன் இருக்கும்.

கோயில் கொடை விழா நாளில் சாமியாடிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இந்த மணக் குடும்பம் புதிதில்லை. மார்பில் குழைத்துப் பூசிய சந்தனம், கழுத்து மாலையில் மரிக்கொழுந்து. பாட்டிலில் இருப்பது அதே இணைதான், அளவுதான் வேறு.

ஐரோப்பாவில் இதற்கு இன்னொரு வழியில் வரலாறு உண்டு. 1882இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனம் 'ஃபூஜேர் ரோயால்' என்ற சென்ட்டை வெளியிட்டது. லாவண்டர், ஓக் மரத்தில் படரும் பாசி, கூமரின் என்ற மூன்றின் மேல் அது நின்றது. உலர்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்த மணம் கூமரினுக்கு. வேதியியலாளர் வில்லியம் பெர்க்கின் அதை 1868இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியிருந்தார். அந்த மூன்றின் கூட்டு பின்னர் சவர சோப்பிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் நுழைந்தது. 1957இல் கார்வென், அதன் பிறகு கெர்லான் ஆகிய நிறுவனங்கள் வெட்டிவேரை மையமாக வைத்து ஆண்களுக்கான சென்ட்டுகளைக் கொண்டுவந்தன. இன்று கடையில் நீங்கள் எடுக்கும் மர மணச் சென்ட்டுகளில் பலவற்றுக்கு இவைதான் முன்னோர்.

இதைப் பூசியவரைப் பார்த்தால் எப்படிப்பட்ட ஆள் என்று தோன்றும்?

எல்லோரும் உண்மையில் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். பெட்டியின் பின்புறம் 'தன்னம்பிக்கை மிக்கவர், ஆளுமை கொண்டவர்' என்று எழுதியிருப்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு மணம் எந்த ஆளை நினைவூட்டும் என்பதை முகர்பவரின் ஊர்தான் முடிவு செய்கிறது.

இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு லாவண்டரும் மரமும் சேர்ந்து வந்தால், சவரம் செய்து, சட்டை தேய்த்துப் போட்டு, நேரத்துக்கு வேலைக்குப் போகும் கனவான் தோன்றுவார். அவர் தாத்தாவின் சவர சோப்பு அப்படி மணத்தது. நம் ஊரில் சந்தனம் வந்து சேர்ந்த வழி வேறு. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் சந்தனக் கும்பாவை ஏந்தி நிற்பது வீட்டின் பொறுப்பான ஆள். பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரியில் சந்தனக்கூடு வரும்போது ஊரே விலகி வழிவிடும். சாமியாடியின் உடம்பில் சந்தனம் இருக்கும் வரை அவர் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. ஆகவே நெல்லையில் சந்தனம் தூக்கலாக மணக்கும் ஆளைப் பற்றி முதலில் எழும் எண்ணம், இவர் பெரியவர், நின்று நிதானித்துப் பேசுவார் என்பதுதான். இருபத்தைந்து வயது இளைஞர் அதைப் பூசினால் பத்து வயது கூடித் தெரிவார். புதிதாக வகுப்பெடுக்கத் தொடங்கிய ஆசிரியருக்கும் கோர்ட்டுக்குப் போகும் இளம் வக்கீலுக்கும் அது உதவும். கல்லூரி மாணவருக்கு அப்பாவின் சட்டையைப் போட்ட தோற்றம் வந்துவிடும்.

பச்சிலை சேரும்போது இந்தப் படம் மாறுகிறது. மரிக்கொழுந்தோ துளசியோ லாவண்டரோ முன்னால் வந்தால் அதே சந்தனம் இளமையாகத் தெரியும்: கலகலப்பு உண்டு, ஆனால் அசட்டை இல்லை. தேவதாரு வறண்ட மணம். பென்சில் செய்யும் மரத்தின் மணமும் அந்த வகைதான், அதனால் அது பலருக்குப் பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். பூசியவர் படிப்பாளி, ஒழுங்கானவர் என்று தோன்றும். வெட்டிவேர் இந்த ஊர்க்காரர்களுக்குக் கோடைகாலப் பானைத் தண்ணீர். அதை மணப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தகுந்தவர் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. பச்சோலி கூடினால் மண்ணும் ஈரமும் கலந்த கனமான மணம். பிறர் சொல்வதைப் பொருட்படுத்தாத ஆள் என்று தோன்றும். சிலருக்கு அது மிக நன்றாகப் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: தூரம். இனிப்பான பழ, வெனிலா மணங்கள் ஆள் வருவதற்கு முன்பே அறைக்குள் வந்துவிடும். மர மணத்தின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாக ஆவியாகுபவை. தோலை ஒட்டியே நிற்கும். கை கொடுக்கும்போதோ பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அமரும்போதோதான் தெரியும். இந்த வகை மணம் அடக்கமான ஆளை நினைவூட்டுவதற்குப் பாதிக் காரணம் இந்த வேதியியல். நான்கு முறைக்கு மேல் அடித்துக்கொண்டால் அந்த அடக்கம் போய்விடும்.

குணத்துக்கும் பிடித்த மணத்துக்கும் அறிவியல்படி தொடர்பு உண்டா?

'சந்தனம் பிடித்தவர் பொறுமைசாலி, எலுமிச்சை பிடித்தவர் துறுதுறுப்பானவர்' என்று வரும் பட்டியல்களுக்கு ராசிபலனைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். மணம் மனத்தைத் தொடுவது மட்டும் உண்மை. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதியின் வழியாகச் செல்கிறது. மூக்கின் செய்தி அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஒரு நொடி முகர்ந்ததில் இறந்துபோன ஆச்சியின் பெட்டகம் கண்முன் வருவது இதனால்தான்.

முகரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. அவை ஆளுக்கு ஆள் சற்றே மாறுபடும். ஒரே பாட்டிலை முகர்ந்த அண்ணனும் தம்பியும் சண்டை போடுவதற்கு இதுவே போதுமான காரணம்.

2012இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவரின் உடல் மணத்தோடு அவர் தாமே தேர்ந்தெடுத்த சென்ட் கலந்தால் வரும் மணத்தையும், யாரோ எடுத்துக் கொடுத்த சென்ட் கலந்தால் வரும் மணத்தையும் பிறரிடம் முகரக் கொடுத்தார்கள். சென்ட்டுகளைத் தனியாக முகர்ந்தபோது பிடித்த அளவில் வேறுபாடு இல்லை. உடல் மணத்தோடு சேர்ந்தபோது, தாமே தேர்ந்தெடுத்ததுதான் கூடுதல் இனிமையாகத் தெரிந்தது. தன் உடம்புக்கு எது சேரும் என்பதை மூக்கு அறிந்திருக்கிறது. அதனால்தான் கடைக்கு வரும்போது நண்பர் சொன்ன பெயரோடு வராமல் உங்கள் மூக்கோடு வாருங்கள் என்று சொல்கிறேன்.

இதில் பொதிகைச் சந்தனம் இருக்கிறதா?

இல்லை. பாடல்களில் பொதிகைத் தென்றல் சந்தனம் மணக்கலாம். இன்று அந்த மலையின் நெல்லைப் பக்கம் 1988இல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சுள்ளியை எடுத்து வருவதும் குற்றம். 'மலையிலிருந்து வந்த அசல் கட்டை' என்று யாராவது ரகசியமாக விற்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அது பொய்யாக இருக்கும். பொய்யில்லை என்றால் களவாக இருக்கும்.

சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேரைப் பற்றிக்கொண்டு நீரும் சத்தும் உறிஞ்சி வளரும். வெளி மரத்தில் மணம் இல்லை. நடுவில் வைரம் பாய்ந்த பகுதியிலும் வேரிலும்தான் எண்ணெய். அது சேர்வதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மணத்தைத் தருபவை ஆல்ஃபா சான்டலால், பீட்டா சான்டலால் என்ற இரண்டும். பன்னாட்டுத் தர அளவுகோலின்படி நல்ல எண்ணெயில் முதலாவது 41 முதல் 55 விழுக்காடும், இரண்டாவது 16 முதல் 24 விழுக்காடும் இருக்க வேண்டும். மைசூரில் அரசுச் சந்தன எண்ணெய் ஆலை 1916இல் தொடங்கியதிலிருந்து உலகச் சென்ட் உற்பத்தியாளர்கள் அந்த எண்ணெயைத் தேடி வந்தார்கள். காட்டு மரங்கள் அழிந்து, இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இம்மரம் அழிவாய்ப்புள்ள இனம். மேற்கு ஆஸ்திரேலியாவில் நம் இனத்துச் சந்தனத்தையே தோப்புகளாக வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்தில் வளர்க்கலாம், ஆனால் வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் முடியும்.

ஆகவே சாதாரண விலை பாட்டிலில் இருப்பது ஜாவனால், சான்டலோர் போன்ற ஆய்வுக்கூடப் பொருள்கள்தான். எனக்கு இதில் வருத்தமே இல்லை. நன்றாகச் செய்த செயற்கைச் சந்தனம் ஒரு மரத்தைக் காப்பாற்றுகிறது. சான்டலோர் தொடர்பாக ஒரு வியப்பான செய்தி: நம் தோலின் செல்களிலும் ஒரு முகர் ஏற்பி இருக்கிறது, சான்டலோர் அதைத் தூண்டினால் செல்கள் வேகமாகப் பெருகி நகர்கின்றன என்று ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழகத்தார் 2014இல் காட்டினார்கள். இதைக் கேட்டுவிட்டுக் காயத்தில் சென்ட் தடவிவிடாதீர்கள்.

வெட்டிவேர், சந்தனம் இரண்டில் எது வாங்கலாம்?

முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால் வெட்டிவேர். சந்தனத்துக்கு நம் மனத்தில் சடங்கின் கனம் இருக்கிறது, வெட்டிவேருக்கு அது இல்லை. பச்சை மண், புல், லேசான புகை, சில சமயம் எலுமிச்சைத் தோல் என்று ஒரே வேரில் பல மணம் இருக்கிறது. கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான கரையில் இதைப் பயிரிடுகிறார்கள். உலக அளவில் ஹெய்ட்டி நாட்டின் எண்ணெய்க்கு மதிப்பு அதிகம், ஜாவாவின் எண்ணெயில் புகை தூக்கல். வேர் எண்ணெயை எளிதில் விடாது என்பதால் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆவியில் வைத்து வடிக்க வேண்டும்.

பத்தமடைப் பாய் புதிதாக விரித்தபோது வரும் உலர்ந்த கோரை மணம் உங்களுக்குப் பிடிக்குமா? அப்படியானால் நாகர்மோத்தா சேர்ந்த சென்ட்டைக் கேளுங்கள். அதுவும் கோரைக் குடும்பத்தின் கிழங்கிலிருந்து வடிக்கும் எண்ணெய்தான். அகில் மணச் சென்ட்டுகளில் இப்போது நிறையச் சேர்க்கிறார்கள்.

நம் ஊர் வெயிலில் நிற்குமா?

நிற்கும், ஆனால் வேறு மாதிரி. சூட்டில் பச்சிலை மணம் விரைவில் பறந்துவிடும். குளிர் நாட்டில் ஒரு மணி நேரம் நிற்கும் லாவண்டர் கத்திரி வெயிலில் நெல்லை ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடலாம். மீதி நாள் முழுவதும் மரம்தான். ஆகவே மரம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் முகர்வில் மயங்க வேண்டாம்.

குளித்துத் துவட்டிய உடம்பில், துளி தேங்காய் எண்ணெய் தடவிய இடத்தில் அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும். வியர்வை கொட்டும் கழுத்தைவிட மார்பும் முழங்கை மடிப்பும் நல்லது. வியர்த்தபின் மேலே மேலே அடிப்பதுதான் பலர் செய்வது; அது மணத்தைக் கெடுக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் நேராக அடித்தால் பச்சோலியும் அத்தரும் கறை விடும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் ஈரக் காற்று, அப்போது இதே சென்ட் அரைப் பங்கு போதும்.

அண்ணாச்சி, பெண்கள் பூசலாமா? பெட்டியில் ஆண் படம் போட்டிருக்கிறதே.

தாராளமாகப் பூசலாம். ஆண், பெண் என்ற பிரிவு விற்பனைக்காக வந்தது. மரிக்கொழுந்தைத் தலையில் வைப்பதும் வெட்டிவேரைப் பூச்சரத்தில் சேர்த்துக் கட்டுவதும் நம் பெண்கள்தாம். தலையில் பிச்சிப்பூ இருக்கும் நாளில் இனிப்பு சென்ட் பூசினால் இரண்டும் மோதிக்கொள்ளும். வெட்டிவேரோ தேவதாருவோ பிச்சியை முன்னால் விட்டுப் பின்னால் நிற்கும். மல்லிகை, பிச்சி வகைப் பூக்களில் இருக்கும் இண்டோல் என்ற கனத்த மணத்தை மரம் அழகாகத் தாங்குகிறது.

தொழுகைக்கும் கோயிலுக்கும் போகும்போது?

ஸ்பிரேக்களில் ஆல்கஹால் உண்டு. அதை விரும்பாதவர்களுக்கு அத்தர் இருக்கிறது. மேலப்பாளையத்து வாடிக்கையாளர்கள் வெட்டிவேர் அத்தரும் சந்தன அத்தரும்தான் கேட்டு வாங்குவார்கள். அவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம்: ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மிச்சத்தைச் சட்டைக் காலரின் உட்புறம் தடவுவார்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னோசியில் பழைய முறைப்படி பூவையோ வேரையோ செம்புக் கலத்தில் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். இப்போது சந்தன எண்ணெயின் விலை காரணமாகப் பாரஃபின் எண்ணெய் போன்றவற்றில் இறக்குவதும் நடக்கிறது; விலை மலிவாக இருந்தால் அதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கோயிலுக்குள் சந்தனமும் பச்சைக் கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அன்று ஸ்பிரேயை வீட்டில் விட்டுவிடுவது என் வழக்கம்.

நேர்முகத் தேர்வுக்கு?

தேவதாரு அல்லது லாவண்டர் முன்னால் நிற்கும் வகை. இரண்டே முறை அடியுங்கள், சட்டை போடுவதற்கு முன்பு.

நண்பன் பூசியிருப்பது எனக்கு மணக்கவே இல்லை. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. ஐசோ இ சூப்பர் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் நிறுவனம் 1973இல் உருவாக்கியது. மென்மையான தேவதாரு மணம். 2006இல் அது ஒன்றை மட்டுமே வைத்து ஒரு சென்ட் வந்து பெயர் வாங்கியது. சிலருக்கு அது மணப்பதே இல்லை, சிலருக்கு விட்டு விட்டு மணக்கும். இன்றைய மர மணச் சென்ட்டுகளில் இது சர்வசாதாரணம். பூசியவருக்கே தெரியாமல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரிவதும் உண்டு, ஆகவே மணம் போய்விட்டது என்று மறுபடி அடிப்பதற்கு முன் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்.

கடையில் எப்படிச் சோதித்து வாங்குவது?

காகிதப் பட்டையில் முதலில் முகருங்கள். பிடித்தால் மணிக்கட்டில் ஒரு அடி. தேய்க்க வேண்டாம். பிறகு கடையை விட்டு வெளியே போங்கள். வடக்கு ரத வீதியில் ஒரு சுற்றுச் சுற்றினாலும் சரி, ஒரு காப்பி குடித்தாலும் சரி. ஒரு மணி நேரம் கழித்துக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு சோர்ந்துவிடும். நடுவில் காப்பிக் கொட்டையை முகர்ந்தால் சரியாகும் என்பார்கள்; உங்கள் சட்டைக் கையை முகர்வதே போதும்.

'ஓ டி டாய்லெட்' என்பதில் மணப் பொருள் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு, 'ஓ டி பர்ஃபம்' என்பதில் 15 முதல் 20. மர மணங்களுக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும், காசும் மிச்சம்.

தோல் அரிக்குமா?

சிலருக்கு அரிக்கும். ஓக் பாசியில் உள்ள அட்ரனால் போன்ற பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் தடை செய்ததே ஒவ்வாமையால்தான். முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம்.

எங்கே வைப்பது?

மர பீரோவுக்குள், பெட்டியோடு. வெயில் படும் ஜன்னலும் மோட்டார் பைக்கின் பெட்டியும் கூடாது. வெளிச்சமும் சூடும் முதலில் பச்சிலை மணத்தைத்தான் தின்னும்.

அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை. இதுவரை திருநீறும் பவுடரும் தவிர எதுவும் போட்டதில்லை.

ஸ்பிரே பாட்டில் கொடுத்தால் பெரும்பாலான அப்பாக்கள் பீரோவில் பூட்டி வைத்துவிடுவார்கள், 'விசேஷத்துக்கு ஆகும்' என்று. மூன்று மில்லி வெட்டிவேர் அத்தர் வாங்குங்கள். முதல் நாள் நீங்களே அவர் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவிவிடுங்கள், பெயரும் விலையும் சொல்ல வேண்டாம். பிடித்திருந்தால் மறுநாள் அவரே பாட்டிலைத் தேடுவார். பிடிக்காவிட்டால் அம்மாவின் சேலை மடிப்புக்குள் வைக்கலாம், வீணாகாது. சந்தன அத்தர்தான் வேண்டும் என்று அவர் கேட்டால் ஒரு முறை அவரையே கடைக்கு அழைத்து வாருங்கள். சந்தனத்தில் அந்த வயதுக்காரர்கள் நினைவில் வைத்திருக்கும் மணம் ஒவ்வொருவருக்கும் வேறு, அதை வேறு யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது.